முதுகுத்தண்டில் ஒரு பஞ்சர்

டிஸ்கியை முதல்லயே போட்டுடறேன். நான் டாக்டர் இல்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டுல ஒரு தொழிற்சாலையில மெயின்டனன்ஸ் பார்க்கிறவன். ஏர் லைன்ல எங்க லீக் ஆகுதுன்னு காதை வெச்சுக் கேட்டுக் கண்டுபிடிச்சு அடைக்கிறது பொழப்பு. இந்தப் பதிவை எழுத அந்தத் தகுதி ஏன் போதும்னு நினைச்சேங்கறது போகப் போகத் தெரியும்.

2019-ல தங்கச்சிக்குத் தலைப்பிரசவம். எங்க பக்கத்துல ஒரு தனியார் ஆஸ்பத்திரி, பேர் வேண்டாம். ராத்திரி முழுக்க வலி தாங்க முடியாம துடிச்சா. "வலி தெரியாம பண்ணிக்கலாம், முதுகுல ஒரு ஊசி, அவ்வளவுதான்"னு சொன்னாங்க. கையெழுத்துப் போட்டோம். விடியக்காலைல பொண்ணு பொறந்தது. தாயும் சேயும் நலம்னு எல்லாருக்கும் எஸ்.எம்.எஸ். அனுப்பிட்டு நான் ஷிப்டுக்குப் போயிட்டேன்.

மறுநாள்தான் ஆரம்பிச்சது. பால் கொடுக்க எழுந்து உட்கார்ந்தா பின்மண்டையில இருந்து கழுத்து வரைக்கும் யாரோ கம்பியைக் கட்டி இழுக்கிற மாதிரி வலி. வெளிச்சம் பார்க்க முடியல, குமட்டல், காதுல ஒரு அடைப்பு. படுத்தா ரெண்டு மூணு நிமிஷத்துல வலி போயிடும். எழுந்தா மறுபடி வரும். தலைப்பிரசவம்னு சொல்வாங்க, எங்க வீட்டுல நிஜமாவே தலைக்கு வந்துடுச்சு.

ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னாங்க. "பச்ச உடம்பு, காத்து பட்டிருக்கும்"னு அம்மா காதுல பஞ்சு வெச்சு தலையில துணியைக் கட்டிவிட்டாங்க. "முதுகுல ஊசி போட்டா இப்படித்தான், காலத்துக்கும் இருக்கும்"னு பக்கத்து வீட்டு அக்கா. நர்சம்மா கேட்டதுதான் தங்கச்சி மனசுல போய் உட்கார்ந்துடுச்சு: "தலையணை வெச்சுப் படுத்தியா? தலையைத் தூக்கினியா? தூக்கக் கூடாதுன்னு சொன்னோம்ல?"

வெச்சிருந்தா. குழந்தை முகத்தைப் பார்க்க ஒரு தடவை தலையையும் தூக்கியிருந்தா. பாரசிட்டமால் கொடுத்து மூணாம் நாள் வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. ஆட்டோவுல உட்கார முடியாம அம்மா மடியில தலை வெச்சுப் படுத்துக்கிட்டே வந்தா. வீட்டுலயும் ஒருக்களிச்சுப் படுத்தபடியேதான் பால் கொடுத்தா. "எல்லாம் என் தப்புதான், தலையைத் தூக்கிட்டேன்"னு சொல்லிச் சொல்லி அழுதா.

அந்த அழுகைதான் என்னைப் படிக்க வெச்சது. தலையணைக்கும் இந்த வலிக்கும் என்ன சம்பந்தம்? யார் ஆரம்பிச்சு வெச்ச கதை இது? தேடிக்கிட்டே போனா, ஜெர்மனியில 1898-ஆம் வருஷம் போய் நின்னது.

கீல்னு ஒரு துறைமுக ஊர். அங்க 1891-லயே குவின்கேன்னு ஒரு டாக்டர் இடுப்புக்குக் கீழே முதுகெலும்புகளுக்கு நடுவுல ஊசியைக் குத்தி, மூளையையும் தண்டுவடத்தையும் சுத்தி இருக்கிற திரவத்தை வெளியே எடுக்கலாம்னு காட்டியிருந்தார். அதே ஊர்ல இருந்த அறுவை மருத்துவர் ஆகஸ்ட் பியர், 'எடுக்கலாம்னா உள்ள மருந்தும் விடலாமே'ன்னு யோசிச்சார். 1898 ஆகஸ்ட் 16. கணுக்கால்ல காசநோய் வந்த 34 வயசு தொழிலாளி ஒருத்தருக்கு முதுகுல கொக்கெய்ன் போட்டு ஆபரேஷன் பண்ணினார். கால்ல வலி தெரியல. ஆபரேஷன் முடிஞ்ச கொஞ்ச நேரத்துல அந்த ஆளுக்கு வாந்தியும் கடுமையான தலைவலியும். அதாவது ஸ்பைனல் மயக்க மருந்து பொறந்த அன்னிக்கே இந்தத் தலைவலியும் கூடவே பொறந்துடுச்சு. ரெட்டைப் பிள்ளைங்க.

பியர் அதோட விடல. ஏன் தலைவலி வருதுன்னு தெரிஞ்சுக்க தன் மேலயே போட்டுப் பார்க்கணும்னு முடிவு பண்ணினார். ஆகஸ்ட் 24, கூட இருந்த உதவியாளர் ஹில்டெப்ராண்ட். (அவர் முதல் பேரும் ஆகஸ்ட்தான். மாசமும் ஆகஸ்ட். என்ன ராசியோ.) ஊசியைச் சரியா உள்ள இறக்கிட்டாங்க. ஆனா மருந்து இருந்த சிரிஞ்சோட மூக்கு ஊசியோட வாய்ல பொருந்தல! எங்க ஸ்டோர்ஸ்ல கப்ளிங் சைஸ் மாத்தி அனுப்புற மாதிரி. மருந்தும் சிந்திப்போச்சு, பியரோட திரவமும் கணிசமா வெளியே ஒழுகிப்போச்சு. உடனே ஆளை மாத்திக்கிட்டாங்க. ஹில்டெப்ராண்ட் குனிஞ்சு உட்கார, பியர் ஊசி போட்டார்.

மருந்து வேலை செஞ்சுது. நிஜமாவே வலி தெரியலையான்னு சோதிக்க ஹில்டெப்ராண்ட் காலை ஊசியால குத்தினார், எரியற சுருட்டை வெச்சுச் சுட்டார், முழங்காலுக்குக் கீழே எலும்புல இரும்புச் சுத்தியலால ஒரு போடு போட்டார். இன்னும் சில சோதனைகள் உண்டு, குடும்பத்தோட படிக்கிற பதிவுங்கறதால விட்டுடறேன் :-) எதுவுமே அந்த ஆளுக்கு வலிக்கல. ஜெயிச்ச சந்தோஷத்துல ரெண்டு பேரும் சாப்பிட்டு, ஒயின் குடிச்சு, சுருட்டுப் பிடிச்சாங்க.

அப்புறம் கச்சேரி ஆரம்பிச்சது. ஹில்டெப்ராண்டுக்கு ராத்திரியே தலைவலி, வாந்தி. சுத்தியல் பட்ட இடமெல்லாம் கன்னிப்போய் வேற வலி. பியருக்கோ எழுந்தா தலைவலி, படுத்தா இல்ல. ஒன்பது நாள் படுக்கை. 1899-ல அவர் எழுதின கட்டுரையில இதை ஒளிவு மறைவு இல்லாம பதிவு பண்ணினார். தன்கிட்ட இருந்து நிறையத் திரவம் போனதுதான் காரணமா இருக்கும்னும் ஊகிச்சார்.

ஊகம் சரி. நம்ம மூளை ஒரு திரவத்துல மிதந்துக்கிட்டிருக்கு. பெரியவங்க உடம்புல எந்த நேரத்துலயும் அது சுமார் 150 மில்லி இருக்கும். ஒரு நாளைக்கு 500 மில்லி போல புதுசா ஊறி, பழசு உறிஞ்சப்படும். இதையெல்லாம் சுத்தி டியூரான்னு ஒரு கெட்டியான உறை, நம்ம சைக்கிள் ட்யூப் மாதிரி. அதுல ஓட்டை விழுந்து, ஊறுற அளவைவிட ஒழுகுற அளவு அதிகமானா உள்ள அழுத்தம் குறையும். எழுந்து நின்னா மிதவை போதாம மூளை கொஞ்சம் கீழே இறங்கும், அதைப் பிடிச்சிருக்கிற உறைகளும் நரம்புகளும் இழுபடும். குறைஞ்ச திரவத்தை ஈடுகட்ட மூளை ரத்தக்குழாய்கள் வேற விரியும். படுத்தா இழுவை நின்னுடும். பஞ்சரான சைக்கிளை நிறுத்தி வெச்சா ஒண்ணும் தெரியாது, ஏறி உட்கார்ந்தாத்தான் ரிம்மு தரையில இடிக்கும். அவ்வளவுதான் விஷயம்.

தலையணை எங்க வந்ததுன்னு இப்பப் புரிஞ்சிருக்கும். படுத்தா வலி போகுது. அப்ப முன்கூட்டியே படுக்கவெச்சா வலியே வராதுன்னு நினைச்சுட்டாங்க. கேட்க நியாயமாத்தான் இருக்கு. ஊசி போட்ட எல்லாரையும் 24 மணி நேரம் தலையணை இல்லாம மல்லாக்கப் படுக்கவைக்கிறது அப்படி வந்த பழக்கம்தான். பின்னாடி ஆயிரக்கணக்கான நோயாளிகளை வெச்சு ஒப்பிட்டுப் பார்த்ததுல, படுக்கவெச்சதால தலைவலி குறையலைன்னு தெரிஞ்சுது. பல நாட்டு மருத்துவச் சங்கங்கள் சேர்ந்து 2023-ல வெளியிட்ட வழிகாட்டுதலும், தலைவலியைத் தடுக்கறதுக்காகப் படுக்கவைக்க வேண்டாம்னுதான் சொல்லுது. ஓட்டை போட்டது ஊசி. தலையைத் தூக்கினதால ஓட்டை விழாது.

சரி, பிரசவத்துக்கு வருவோம். பியர் கட்டுரை வந்த மறுவருஷம், 1900-லயே, சுவிட்சர்லாந்து பாசெல் நகர்ல ஆஸ்கர் க்ரைஸ்ங்கறவர் ஆறு கர்ப்பிணிகளுக்குப் பிரசவ வலிக்கு ஸ்பைனல் போட்டார். அதுக்கப்புறம் உலகம் முழுக்கப் பரவுச்சு. தலைவலியும் பின்னாலயே போச்சு. எவ்வளவு பேருக்குன்னு ஒழுங்கா எண்ணிப் பார்க்க அரை நூற்றாண்டுக்கு மேல ஆச்சு. 1956-ல அமெரிக்காவுல வாண்டமும் ட்ரிப்ஸும் 10,098 ஸ்பைனல் ஊசிகளைக் கணக்கெடுத்தாங்க. மொத்தத்துல 11 சதவீதம் பேருக்குத் தலைவலி. ஆண்கள்ல 7, பெண்கள்ல 14. சுகப்பிரசவத்துக்குப் போட்டவங்கள்ல 22. அஞ்சுல ஒருத்தருக்கு மேல! முக்கால்வாசிப் பேருக்கு ஒரு வாரத்துல தானா சரியாப் போகுதுன்னும் அதே கணக்கு சொல்லிச்சு. "ஒரு வாரம் பொறுத்துக்கம்மா"ன்னு இன்னிக்கும் சொல்றது அந்தக் கணக்கை நம்பித்தான். கைக்குழந்தை வெச்சிருக்கிறவளுக்கு ஒரு வாரம்னா என்னங்கறதைப் பத்திக் கணக்கு எதுவும் சொல்லல.

அந்தக் காலத்துல என்னென்ன வைத்தியம் பார்த்தாங்கன்னு படிச்சா நம்ம பாட்டி வைத்தியத்தைக் கிண்டல் பண்ண வாய் வராது. நிறையத் தண்ணி குடிக்கச் சொல்றது, உப்புநீரை முதுகு வழியா ஏத்தறது, வயித்தை இறுக்கி வார் போட்டுக் கட்டறது. ஆமாங்க, பிள்ளை பெத்தவளுக்கு நம்ம வீடுகள்ல துணியால வயித்தைக் கட்டுவாங்களே, அதே மாதிரிதான். வயித்துல அழுத்தம் கூடினா முதுகுத்தண்டுலயும் கொஞ்சம் கூடும்னு கணக்கு. அப்புறம் காபி. விரிஞ்ச ரத்தக்குழாயைக் காபீன் சுருக்கும்னு 1978-ல அதை ஊசியாவே போட்டுப் பார்த்திருக்காங்க. கொஞ்ச நேரம் கேட்கும், அப்புறம் வலி திரும்பி வந்துடும். நம்ம டிகிரி காபிக்கும் அதே கதிதான்.

இன்னொரு பக்கம் ஊசியை மாத்தினாங்க. எனக்குப் பிடிச்ச பகுதி இது, ஏன்னா சுத்தமான ஒர்க்‌ஷாப் சமாச்சாரம். குவின்கே ஊசிக்கு முனை சீவின மாதிரி இருக்கும், உறையை வெட்டிக்கிட்டு உள்ள போகும். வெட்டாம விலக்கிக்கிட்டுப் போற முனை இருந்தா ஓட்டை தானா மூடிக்குமேன்னு 1926-ல கிரீன்ங்கறவர் முனையை உருட்டினார். 1951-ல ஹார்ட்டும் விட்டேக்கரும் பென்சில் முனை மாதிரி கூம்பா செஞ்சு, துவாரத்தைப் பக்கவாட்டுல வெச்சாங்க. 1987-ல ஸ்ப்ராட்டே இன்னும் சீராக்கினார். தண்டுவடத்துல ஊசி போட்ட 31,412 பேரோட விவரத்தைச் சேர்த்து 2018-ல லான்செட் இதழ்ல ஒரு ஆய்வு வந்தது: வெட்டும் முனைக்கு 11 சதவீதம் தலைவலி, பென்சில் ரக முனைக்கு 4.2. வெறும் முனையோட வடிவம்தான் வித்தியாசம். 1951-ல கிடைச்ச பதில் 2018-லயும் நிரூபிக்க வேண்டியதா இருந்ததுன்னா, புதுசு ஒண்ணு நடைமுறைக்கு வர எவ்வளவு நாள் ஆகுதுன்னு பார்த்துக்குங்க.

எபிடூரல் கதை வேற. ஸ்பைனல்ல டியூராவைத் துளைச்சுத்தான் ஆகணும். எபிடூரல்ல துளைக்கவே கூடாது. உறைக்கு வெளியில இருக்கிற இடைவெளியிலேயே நின்னு மருந்து விடணும். 1921-ல ஸ்பெயின் ராணுவ மருத்துவர் ஃபிடெல் பாஹேஸ் இதை எழுதினார். ரெண்டே வருஷத்துல கார் விபத்துல இறந்துபோனார், ஸ்பானிய மொழியில எழுதினது வெளியே யாருக்கும் தெரியாமலே போச்சு. 1931-ல இத்தாலிக்காரர் டொலியோட்டி மறுபடி கண்டுபிடிச்சார். மெல்லிய குழாயை உள்ள விட்டு மணிக்கணக்கா மருந்து விடலாம்னு காட்டினவர் கியூபாவோட கர்பெலோ, 1940-கள் கடைசியில. அதுக்கு அவர் எடுத்துக்கிட்டது டூஹி 1945-ல பயன்படுத்தின வளைஞ்ச முனை ஊசி. அந்த முனையை வடிவமைச்ச ஹூபர் ஒரு பல் டாக்டராம்!

குழாய் உள்ள நுழையணும்னா ஊசி தடிமனா இருக்கணும். ஸ்பைனல் ஊசி அரை மில்லிமீட்டர்னா இது ஒண்ணேகால் மில்லிமீட்டருக்குக் குறையாது, ஒண்ணரைக்கு மேலயும் உண்டு. டாக்டர் சிரிஞ்சை அழுத்திக்கிட்டே ஊசியைத் தள்ளுவார். தசைநார்ல இருக்கிற வரைக்கும் எதிர்ப்பு இருக்கும். இடைவெளிக்கு வந்ததும் 'பொசுக்'னு எதிர்ப்பு விட்டுடும், அங்கேயே நிறுத்தணும். அடுத்த உறை சில மில்லிமீட்டர் தூரத்துலதான் இருக்கு. எல்லாம் கைப்பக்குவம், கண்ணுக்கு ஒண்ணும் தெரியாது. பிரசவ வலியில துடிக்கிற பொண்ணு அசையாம இருக்கணும் வேற. பல ஆய்வுகளைச் சேர்த்து 2003-ல வந்த கணக்குப்படி எபிடூரல்ல சுமார் 1.5 சதவீதம் பேருக்கு ஊசி தவறி உறையைத் துளைச்சுடுது. அப்படித் துளைச்சவங்கள்ல பாதிப் பேருக்கு மேல தலைவலி. தங்கச்சி கேஸ் அதுதான். துளைச்சது தப்புன்னு நான் சொல்ல வரல, யார் கையிலயும் நடக்கும். அதை எங்ககிட்ட சொல்லாம தலையணை மேல பழியைப் போட்டதைத்தான் என்னால ஜீரணிக்க முடியல.

இப்ப அடைக்கிற கதை. 1960-ல கார்ம்லிங்கற அமெரிக்க டாக்டர் ஒண்ணைக் கவனிச்சார். முதுகுல ஊசி குத்தும்போது சில சமயம் ரத்தக்குழாய்ல பட்டு ரத்தம் கசியும். அதைச் சொதப்பல்னுதான் எல்லாரும் நினைப்பாங்க. ஆனா அப்படிச் சொதப்பினவங்களுக்குத் தலைவலி குறைவா வந்துது. கசிஞ்ச ரத்தம் உறைஞ்சு ஓட்டையை அடைச்சிருக்குமோ? நோயாளியோட கையில இருந்தே ரெண்டு மூணு மில்லி ரத்தம் எடுத்து, எபிடூரல் இடைவெளியில விட்டார். ஏழு பேருக்குப் பண்ணினார். தலைவலி போயிடுச்சு.

எனக்கு இதைப் படிச்சதும் ஜி.என்.டி. ரோட்டுல இருக்கிற பஞ்சர் கடைதான் ஞாபகம் வந்தது. தொட்டித் தண்ணியில முக்கி, குமிழி வர இடத்தைப் பார்த்து, தேய்ச்சு, சொல்யூஷன் தடவி, ஒட்டுப் போடுவாங்களே. இங்க சொல்யூஷனும் ஒட்டும் ரெண்டுமே ரத்தம்தான். டாக்டருங்களும் கூச்சப்படாம 'பேட்ச்'னுதான் பேர் வெச்சிருக்காங்க: எபிடூரல் பிளட் பேட்ச்.

பத்து வருஷம் அது பெரிசா எடுபடல. முதுகுத்தண்டுப் பக்கத்துல ரத்தத்தை விடறதான்னு பயம், சீழ் பிடிச்சுட்டா? நரம்பு ஒட்டிக்கிட்டா? 1970-ல டிஜியோவானியும் டன்பாரும் அளவை 10 மில்லி ஆக்கி 45 பேருக்குப் பண்ணினாங்க. 41 பேருக்குச் சரியாச்சு. 1972-ல ஆடுகளுக்குப் பண்ணிப் பார்த்து, திசுக்களுக்குப் பெரிய பாதிப்பு இல்லைன்னும் காட்டினாங்க. பர்மிங்காம் மகப்பேறு ஆஸ்பத்திரியோட செல்வின் கிராஃபோர்ட் 1980-ல 20 மில்லி வரைக்கும் போனார். இன்னிக்கும் ஏறக்குறைய அந்த அளவுதான்.

ஆரம்ப காலத்துல நூத்துக்குத் தொண்ணூறு பேருக்குக் கேட்கும்னு சொன்னதை அப்படியே எடுத்துக்கக் கூடாது. 2011-ல 121 பிரசவித்த பெண்களை 15, 20, 30 மில்லின்னு பிரிச்சுக் கொடுத்துப் பார்த்தாங்க. 20 மில்லி வாங்கினவங்கள்ல முழுசா குணமானது மூணுல ஒரு பங்குதான். ஓரளவு குணமானவங்களையும் சேர்த்தா 73 சதவீதம். பெரிய ஊசி போட்ட பெரிய ஓட்டைங்கறதால சிலருக்கு ரெண்டாவது ஒட்டு வேண்டியிருக்கும். ரொம்பச் சீக்கிரம், முதல் ஒரு நாளுக்குள்ள போட்டா தோத்துப்போற வாய்ப்பு அதிகம்னும் தெரிஞ்சிருக்கு. போட்டதும் முதுகுல சில நாள் வலி இருக்கும். அரிதா கிருமித் தொற்றும் வரலாம். வேற ஆள் ஊசி போடும்போது மறுபடி துளைச்சுடவும் வாய்ப்பு உண்டு. மாயம் ஒண்ணும் இல்லை. ஆனா படுத்துக் கிடக்கிறவளுக்கு இருக்கிறதுலயே நல்ல வழி இதுதான்.

பர்மிங்காம்லயே இன்னொரு வேலையும் நடந்தது. ஊசி தவறித் துளைச்ச 74 பெண்களைத் தேடிப்பிடிச்சுக் கேட்டாங்க. அவங்கள்ல கிட்டத்தட்ட நாலுல ஒருத்தருக்கு நீண்டகாலத் தலைவலி இருந்தது. 1993-ல வந்த கட்டுரை. அதுக்கு முன்னாடியும் பெண்கள் சொல்லிக்கிட்டுத்தான் இருந்திருப்பாங்க. "தூக்கம் இல்லம்மா, டென்ஷன்மா"ன்னு பதில் வந்திருக்கும். பக்கத்து வீட்டு அக்கா "காலத்துக்கும் இருக்கும்"னு சொன்னதை நான் அன்னிக்குக் கேலி பண்ணினேன். முழுசா கேலி பண்ணியிருக்கக் கூடாது. (முதுகுவலி வேற. எபிடூரலால காலத்துக்கும் முதுகுவலி வரும்ங்கறது ஆய்வுகள்ல நிக்கல.)

நம்ம ஊர்ல இது எவ்வளவு பேரைத் தொடுற விஷயம்? 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வுப்படி தமிழ்நாட்டுல 44.9 சதவீதப் பிரசவம் சிசேரியன். தனியார்ல 63.8, அரசுல 36. சிசேரியன்ல பெரும்பாலும் ஸ்பைனல்தான். அதாவது எபிடூரல் வாங்காத வீட்டுலயும் பாதிக்குப் பாதி முதுகுல ஊசி ஏறியிருக்கு. எங்க சிப்காட் சுத்துவட்டாரத்துல பீகார், ஒடிசாவுல இருந்து வந்து லைன் வீட்டுல இருக்கிற குடும்பங்கள் நிறைய. பிரசவத்துக்கு மாமியாரும் இல்லாம, மொழியும் தெரியாம படுத்திருக்கிற பொண்ணுக்கு, "எழுந்தா வலி, படுத்தா இல்ல"ங்கற ஒரு வரியை டாக்டர் காதுல போடறதே பெரிய பாடு. திருவள்ளூர்ல 2022 ஜனவரியில அரசு மருத்துவக் கல்லூரி வந்திருக்கு. முன்ன மாதிரி எல்லாத்துக்கும் ஸ்டான்லிக்கு ஓட வேண்டியதில்லைங்கறது ஒரு ஆறுதல்.

ஒரு விஷயத்தைக் கண்டிப்பா சொல்லணும். பிரசவத்துக்கு அப்புறம் வர்ற எல்லாத் தலைவலியும் பஞ்சர் இல்லை. ரத்தக்கொதிப்பு ஏறி ஜன்னி வரப்போற அறிகுறியா இருக்கலாம். மூளைச் சிரைகள்ல ரத்தம் உறைஞ்சிருக்கலாம். இந்த ரெண்டாவது நம்ம நாட்டுல அதிகமாப் பேசப்பட்ட விஷயம். கே. சீனிவாசன்ங்கற நரம்பியல் மருத்துவர், கர்ப்ப காலத்துலயும் பேறுகாலத்துலயும் மூளை ரத்தக்குழாய் அடைப்பு வந்த 135 பேரைப் பத்தி 1983-லயே எழுதியிருக்கார். பிள்ளை பெத்தவளுக்குத் தண்ணி கொடுக்காம காயப்போடற நம்ம பழக்கமும் ஒரு காரணமா இருக்கலாம்னு மருத்துவர்கள் சொல்லிக்கிட்டுத்தான் வர்றாங்க. படுத்தாலும் வலி போகலைன்னா, பார்வை மங்கினா, வலிப்பு வந்தா, கை கால் விளங்கலைன்னா, காய்ச்சல் இருந்தா, மொதல்ல இருந்த வலியோட குணம் மாறினா, காபியும் வேண்டாம், கூகுளும் வேண்டாம், உடனே கிளம்புங்க. பஞ்சரையே ரொம்ப நாள் கவனிக்காம விட்டாலும் அபூர்வமா மூளைக்கு மேல ரத்தம் கசிய வாய்ப்பு உண்டு.

எங்க கதைக்கு வர்றேன். ஆறாம் நாள் சென்னைக்குக் கூட்டிட்டுப் போனோம். புறநகர் ரயில்ல உட்கார வழியில்லாததால, ஒரு ஆம்னி வேன்ல சீட்டை மடக்கிப் பாய் போட்டுப் படுக்கவெச்சோம். செங்குன்றம் வரைக்கும் ஒவ்வொரு வேகத்தடைக்கும் டிரைவரை நான் திட்ட, தங்கச்சி என்னைத் திட்ட, குழந்தை ரெண்டு பேரையும் சேர்த்துத் திட்டுச்சு.

மயக்க மருந்து டாக்டரம்மா ஒருத்தங்க வந்தாங்க. முதல் கேள்வியே, "படுத்தா போயிடுதா?" அஞ்சு நாளா யாரும் கேட்காத கேள்வி. பி.பி. பார்த்தாங்க, கண்ணைப் பார்த்தாங்க, கை காலைத் தூக்கச் சொன்னாங்க. அப்புறம் ஒரு வெள்ளைத்தாள்ல முதுகுத்தண்டு படம் போட்டு, எங்க ஓட்டை, எப்படி அடைப்போம், கேட்காமப் போக எவ்வளவு வாய்ப்பு, எல்லாம் சொன்னாங்க. தங்கச்சி கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்: "நான் தலையணை வெச்சதாலயா டாக்டர்?"

"தலையணைக்கு என்னம்மா தெரியும்?"னாங்க அவங்க.

அந்தப் பதிலுக்கு அவ அழுதது எனக்கு இன்னும் கண்ணுல நிக்குது. இந்தத் தடவை வலியில இல்லை.

ஒருத்தர் முதுகுல ஊசியை நிறுத்த, இன்னொருத்தர் கையில இருந்து 20 மில்லி ரத்தம் எடுத்துக் கொடுக்க, மெதுவா ஏத்தினாங்களாம். இடுப்புல கனமா ஒரு அழுத்தம், அவ்வளவுதான்னு சொன்னா. ரெண்டு மணி நேரம் படுக்கவெச்சுட்டு மெதுவா உட்காரவெச்சாங்க. நாங்க எல்லாம் மூச்சைப் பிடிச்சுக்கிட்டுப் பார்த்தோம். ஏர் லைனை அடைச்சுட்டு வால்வைத் திறக்கும்போது நான் பார்க்கிற மாதிரி.

உட்கார்ந்தா. கழுத்தை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பினா. குழந்தையைக் கொடுங்கன்னு கையை நீட்டினா. பொறந்து ஆறு நாள்ல முதல் தடவையா சுவத்துல சாஞ்சு உட்கார்ந்து பால் கொடுத்துக்கிட்டே, பில்லைப் பார்த்துட்டு இருந்த என்கிட்ட கேட்டா:

"அண்ணா, பஞ்சர் கடையில ஒரு ஒட்டுக்கு எவ்வளவு வாங்குவாங்க?"